பிரேக் இல்லாத படகு

என் மனைவிக்குப் படகுப் பைத்தியம் பிடித்து ஏழு வருஷமாகிறது. பைத்தியம் என்று முகத்துக்கு நேரே சொன்னாலும் அவளுக்குக் கோபம் வராது. "ஆமா" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்ப்பாள். எனக்கு அதுதான் எரிச்சல். ஒருத்தன் வலியச் சண்டைக்கு வந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசுவதுதானே மரியாதை?

அவளுக்குத் தொழில் திரைச்சீலை தைப்பது. மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேஜை, சுவரோரம் துணிச் சுருள்கள், டப்பா டப்பாவாகத் திரை வளையங்கள். ஜன்னலின் அகல உயரத்தைச் சொன்னால் போதும், எத்தனை மடிப்பு வைத்தால் துணி எப்படி விழும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். வீட்டிலிருந்து கடைக்கு பஸ்ஸில்தான் போவாள், வருவாள். "டிரைவிங் ஸ்கூல்காரர் பெண்டாட்டி பஸ்ஸுக்கு நிக்கிறாங்க பாரு" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு வண்டி ஓட்ட வராது, கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், ஏறவில்லை என்று கேட்பவர்களிடம் சொல்லிவிடுவேன்.

டிரைவிங் ஸ்கூல்காரர் நான்தான். இருபத்தாறு வருஷம். இந்த ஊரில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டக் கற்றார்கள். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. எதிரில் லாரி வரும்போது கற்றுக்கொள்பவர் கண்ணை மூடிக்கொண்டாலும் என் கால் மூடிக்கொள்ளாது. அந்தக் கால் இல்லையென்றால் இந்த ஊர் ஜனத்தொகை கொஞ்சம் குறைந்திருக்கும்.

படகுக் கதை ஆரம்பித்தது ஒரு கிழிசலில். ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியில் ஒரு படகு கிளப் உண்டு. அங்கிருந்து காவலாளி ஒருவர் கிழிந்த படகுப் பாய் ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இவள் கடைக்கு வந்தார். இவளும் தைத்துக் கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். தையல் காற்றில் தாங்குகிறதா என்று பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். அந்தப் படகு, எங்களுக்குப் பழக்கமான மருந்துக்கடைக்காரம்மாவுடையது. "சும்மா உக்காருங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று அந்த அம்மாள் கூப்பிட, இவள் உட்கார, அன்றோடு போயின என் ஞாயிற்றுக்கிழமைகள்.

"எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றாள் அன்று மாலை, முகமெல்லாம் வெயில் பட்டுக் கன்றிப்போய். "இத்தன வருஷம் துணிய ஜன்னல்ல தொங்கவிட்டுட்டே இருந்தேங்க. அது இழுத்துட்டுப் போகும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

அது இரண்டு பேர் ஓட்டும் சின்னப் படகு. நீளம் எங்கள் சமையலறை அளவுதான். பின்னால் இருப்பவர் சுக்கானும் பெரிய பாயும் பார்ப்பார். முன்னால் இருப்பவர் சின்னப் பாயின் கயிற்றை இழுக்கவும் விடவும் வேண்டும், படகு சாய்ந்தால் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும், பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் குறுக்கே பாயும்போது குனிய வேண்டும். ஏரியில் மூன்று மிதவைகள். அவற்றைச் சுற்றிக்கொண்டு யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை. இதற்குத்தான் இத்தனை பாடு.

கிளப்பில் இந்த மாதிரிப் படகுகள் பத்துதான். ஒரு சீசனில் எட்டுப் பந்தயத்தையாவது ஓட்டி முடித்தவர்களுக்கே மறு சீசனும் அந்தப் படகு. முடிக்காவிட்டால், காத்திருப்பவர்களில் அடுத்த ஜோடிக்குக் கொடுத்துவிடுவார்கள். காத்திருக்கும் வரிசை மூன்று வருஷ நீளம். முதலில் மருந்துக்கடைக்காரம்மாவின் படகில் முன்னால் உட்கார்ந்து பழகி, பிறகு தன் பெயரையும் எழுதிவைத்து, வருஷக்கணக்காகக் காத்திருந்து, போன சீசனில்தான் என் மனைவி சுக்கான் பிடிக்கும் படகு ஒன்று அவளுக்கென்று வந்தது. மருந்துக்கடைக்காரம்மா தன் படகைக் கிளப்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு இவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். "எனக்கு வயசாச்சு, நீ ஓட்டு" என்றாராம்.

இந்த சீசனில் ஐந்து பந்தயம் முடிந்திருந்தபோது அந்த அம்மாளுக்கு முழங்கால் ஆபரேஷன். இன்னும் மூன்று வேண்டும். கிளப்பில் மற்றவர்களெல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். யாரை ஏற்றுவது? அப்போதுதான் எங்கள் வீட்டுக்குப் பிடித்தது சனி.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, இருமல் மருந்து பாட்டில் மூன்றையும் மிதவைகளாக வைப்பாள். இரண்டு கரண்டிகள் படகு. மேஜை மின்விசிறி காற்று. "காத்து எந்தப் பக்கமிருந்து வருது?" என்று கேட்பாள். "ஃபேன்லருந்து" என்பான் மகன். அவனுக்குப் பதினேழு வயது, கையில் போன் இல்லாவிட்டால் கை இருப்பதே மறந்துவிடும் ஜாதி. இவள் அசரமாட்டாள். "சரி. அப்ப நேரா ஃபேனப் பாத்துப் போக முடியுமா?" "முடியாது." "ஏன்?" "நீங்கதான் போன வாரம் சொன்னீங்க." ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை, பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்வாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும். "மரமண்டைக்கு ஏறலன்னா விடேன்" என்று கூடத்திலிருந்து கத்துவேன்.

மகன் ஒரு பந்தயம் போனான். குனியச் சொன்னபோது எதற்கு என்று யோசித்தான். கட்டை நெற்றியில் தன் பதிலைச் சொல்லிவிட்டது. எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்போடு பந்தயத்தை முடித்தான். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அந்தக் கட்டைய நான் இனிமே பாக்க விரும்பல" என்றான். ஆறு முடிந்தது.

கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு பந்தயம் போனாள். நூற்றுக்கும் மேல் போட்டோ எடுத்தாள். சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று, வெயிலில் மூக்குத் தோல் உரிவதைப் பார்த்து அழுதாள். ஏழு முடிந்தது.

எட்டாவதற்கு என் மச்சானை, அதாவது இவள் தம்பியை, பிடித்தாள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். போனான். உயிர்காக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டான். கரையில் நின்று படகுக்காரர்களிடம் பேச ஆரம்பித்தான். பந்தயச் சங்கு ஊதி எல்லாப் படகும் கிளம்பியபோது அவன் மூன்று பாலிசி முடித்திருந்தான். இவள் ஒற்றையாய்ப் படகோரம் நின்றாளாம். "அக்கா, கோச்சுக்காத, எனக்குத் தண்ணியில கண்டம்" என்றானாம். கண்டம் இருப்பவன் ஏன் சட்டையைப் போட்டான் என்று நான் கேட்டேன். "அது போட்டாத்தான் மாமா அவங்க நம்மள நம்புறாங்க" என்றான்.

மீதி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சீசனின் கடைசிப் பந்தயம்.

அந்த வாரம் முழுக்க மேஜைப் பாடம் நடக்கவில்லை. உப்பு டப்பா உப்பு டப்பாவாகவே இருந்தது. மகனைக் கேட்டுப் பார்த்தாள், மகளைக் கேட்டுப் பார்த்தாள், மேல்வீட்டு வாத்தியாரைக்கூடக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. ஏழு வருஷமாக அவள் படகைக் கேலி செய்தவன் நான். கேட்டால் முடியாது என்று சொல்ல நல்ல நல்ல காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். கேட்டால்தானே சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கடைக்கே போனேன்.

"ஊர்ல இருக்கறவனையெல்லாம் கேக்கற. வீட்ல ஒரு ஆம்பள இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"உங்களுக்கு அது சரிப்படாதுங்க" என்றாள், தைத்துக்கொண்டே.

"என்ன சரிப்படாது? நீச்சல் தெரியும் எனக்கு. இருபத்தாறு வருஷம் ரோட்ல பாத்தவன். ஏரியில என்ன சிக்னலா இருக்கு?"

"அதில்ல. நீங்க முன்னாடி உக்காரணும். ஓட்டறது நானு."

"இருந்துட்டுப் போகட்டுமே. தினமும் நான் அடுத்தவன் ஓட்டற வண்டியிலதான் உக்காந்திருக்கேன்."

அவள் மெஷினை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வருவீங்களா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபிறகு எந்த மடையனால் முடியாது என்று சொல்ல முடியும்? இப்படித்தான் நானே வலையை விரித்து நானே போய் விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்று மெல்லியது. சந்தோஷப்பட்டேன். மெல்லிய காற்றில்தான் சிரமம் என்று அவள் சொன்னாள், நம்பவில்லை. முதல் பத்து நிமிஷத்தில் நம்பினேன். படகு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது, நான் கொஞ்சம் அசைந்தாலும் நின்றது. எனக்குத் தெரிந்த உலகத்தில் வண்டி நின்றால் நாம் நிறுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். இங்கே எதுவும் நம் கையில் இல்லை. இன்னொரு படகு பக்கத்தில் வந்தாலே என் வலது கால் தானாக நீண்டு படகின் தரையை மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் படகு ஆடியது.

"அங்க ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அவள் மெதுவாக.

"தெரியும்."

"பாயோட முன்னோரத்தப் பாருங்க. துணி துடிக்குதா? துடிச்சா கயித்தக் கொஞ்சமா இழுங்க. ம். போதும். அவ்வளவுதான்."

நான் இழுத்தேன். துடிப்பு நின்றது. படகு மூச்சு விட்டாற்போல முன்னால் நகர்ந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாயால் சொல்லவில்லை.

கிளப் விதி இன்னொன்று உண்டு. முதல் படகு முடித்ததிலிருந்து இருபது நிமிஷத்துக்குள் முடித்தால்தான் கணக்கு. பிறகு இரண்டு நீளச் சங்கு ஊதி முடிவுக் கோட்டை மூடிவிடுவார்கள். முதல் படகு முடித்தபோது நாங்கள் கடைசி மிதவைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்களோடு போட்டியாக ஒரு சிவப்புப் படகு, அண்ணன் தம்பி இருவர். "நேரம் இருக்கு" என்றாள். "மிதவையச் சுத்திட்டா அப்புறம் காத்து முதுகுல. நேரா கோடுதான்."

சிவப்புப் படகு எங்களுக்குக் குறுக்கே வந்தது. எங்களுக்கு வலது பக்கமிருந்து காற்று, அவர்களுக்கு இடது பக்கமிருந்து. வலது பக்கக் காற்று வாங்கும் படகுக்குத்தான் முன்னுரிமை. அவர்கள் திரும்பிப் போக வேண்டும், நாங்கள் நேரே போகலாம். உப்பு டப்பாவும் கரண்டியும் வைத்து அவள் இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! கூடத்திலிருந்து கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடம். ஆனால் எதிரே ஒரு வண்டி நெருங்கி வருகிறது. பிரேக் இல்லை. கால் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தது. கால் கைவிட்டதும் கை கிளம்பியது. ஒவ்வொரு முச்சந்தியிலும் இருபத்தாறு வருஷமாக நான் செய்வதையே செய்தது. உள்ளங்கையை விரித்து அவர்களைப் பார்த்து, "போங்க, போங்க, நீங்க போங்க" என்று வழி காட்டினேன்.

அவர்கள் போனார்கள். ஏன் போகமாட்டார்கள்? அண்ணன் கையெடுத்து ஒரு கும்பிடுகூடப் போட்டான்.

அவர்கள் முன்னால் போனதும் அவர்கள் பாய் எங்கள் காற்றை மறைத்தது. எங்கள் பாய் தொங்கியது, எங்கள் வீட்டு ஜன்னல் திரை மாதிரி. படகு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து, பொத்தென்று மிதவையில் போய் இடித்தது. மிதவையைத் தொட்டால் தண்டனை, ஒரு முழு வட்டம் போட வேண்டும். காற்றே இல்லாத இடத்தில் ஒரு முழு வட்டம்.

நான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கண்ணு எங்க வச்சிருக்க, அறிவிருக்கா, சோறுதான திங்கற, இதிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

"பரவால்ல" என்றாள். "சுத்தணும். கயித்த விடுங்க. இப்ப இந்தப் பக்கம் வாங்க. மெதுவா. குனிங்க. ம், இப்ப இழுங்க."

வட்டம் போட நாலு நிமிஷம் ஆனது. பிறகு கோட்டைப் பார்த்துக் கிளம்பினோம். காற்று முதுகில் வந்தது. அவள் சொன்னபடி சின்னப் பாயைக் கையால் வெளியே விரித்துப் பிடித்துக்கொண்டேன். கோடு கிட்டே வந்தது. கரையில் நிற்பவர்களின் முகம் தெரிந்தது. கிளப் செயலாளர் கையில் கடிகாரத்தைப் பிடித்திருந்ததும் தெரிந்தது. இன்னும் மூன்று படகு நீளம் இருந்திருக்கும். சங்கு இரண்டு தடவை நீளமாக ஊதியது.

அவள் கோட்டைத் தாண்டி, கரைக்கு ஓட்டி, பாயை இறக்கி, மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தாள். நான் நேராகச் செயலாளரிடம் போனேன்.

"மூணு படகு நீளம் சார்! கையால எட்டித் தொட்டுடலாம்! மனுஷங்கதானா நீங்கல்லாம்?"

"விதி சார்."

"விதியாவது மண்ணாவது! தப்பு என்னுது. அவங்க சரியாத்தான் ஓட்டினாங்க. என் தப்புக்கு அவங்க படகப் புடுங்குவீங்களா?"

"ஒரு படகுக்கு ரெண்டு பேர் சார்" என்றார் அவர். "யார் தப்புன்னு நாங்க பிரிக்கறதில்ல."

கத்தித் தீர்த்துவிட்டு வந்தேன். அவள் வண்டி நிறுத்துமிடத்தில், எங்கள் காரின் மேல் சாய்ந்தபடி நனைந்த செருப்பை உதறிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அத்தனை வருஷம் காத்திருந்து வாங்கிய படகை ஒரு கையசைப்பில் நான் தானம் பண்ணிவிட்டேன். எனக்குத் தாங்கவில்லை.

"ஏதாவது சொல்லேன். திட்டு. நாலு வார்த்த நல்லா திட்டிடு. இப்படி நிக்காத."

"எதுக்கு?"

"எதுக்கா? உன் படகு போச்சுடி என்னால!"

"திட்டினா நீங்க மறுபடி வரமாட்டீங்க" என்றாள். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். "நான் வரலல்ல?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

கல்யாணமான புதிது. என் பழைய பயிற்சி வண்டி. மூன்றாவது நாள் பாடம். அவள் முச்சந்தியில் வண்டியை அணைத்துவிட்டாள். பின்னால் ஹாரன். நான் என்னென்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தது மட்டும் ஞாபகம் வந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். அடுத்த நாள் காலை அவள் அதே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். அன்றிலிருந்து இன்றுவரை பஸ்தான். அவளுக்கு ஓட்ட வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் ஒரு தடவைகூட மறுத்துச் சொன்னதில்லை. இருபத்துமூன்று வருஷம். வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் என்பதே அபூர்வம், அதனால் சட்டென்று தெரிந்தது.

"இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கிளப்புக்குள் போனேன். நான் இன்னொரு ரவுண்டு கத்தப்போகிறேன் என்று நினைத்துச் செயலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். காத்திருப்போர் நோட்டைக் கேட்டேன். சுக்கான் பிடிப்பவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். உடன் வருபவர் என்ற இடத்தில் என் பெயர்.

"மூணு வருஷம் ஆகும் சார்" என்றார்.

"ஆகட்டும்."

"அதுவரைக்கும் பழகறதுக்கு ஞாயித்துக்கிழமையில ஒரு பழைய படகு தருவோம். பந்தயத்துல விடமாட்டோம்."

"பழகத்தான் வேணும்" என்றேன். "எனக்கு."

திரும்பி வந்தபோது கார்ப் பக்கத்தில் அவள் இல்லை. பூட்டாமல் விட்டிருந்த காருக்குள்ளே உட்கார்ந்திருந்தாள், ஸ்டியரிங்குக்குப் பின்னால். சீட்டை முன்னால் தள்ளிப் போட்டிருந்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டினாள்.

"சாவி" என்றாள்.

கொடுத்தேன். நிறுத்துமிடம் காலியாகத்தான் இருந்தது. சுற்றிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இது வீட்டுக் கார், என் பக்கம் கிளட்சும் இல்லை, பிரேக்கும் இல்லை. வண்டி இரண்டு குலுங்கு குலுங்கி அணைந்தது. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டேன். மறுபடி கிளப்பினாள். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை நகர்ந்தது. மதில் சுவரை நோக்கி ஒரு நடை வேகத்தில் போனோம். என் வலது கால் நீண்டு தரை விரிப்பை மிதித்தது, பலம் கொண்ட மட்டும் மிதித்தது.

"அங்க ஒண்ணும் இல்லீங்க" என்றாள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.